போட்டிக்கு ஒரு பூசணி: மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்களின் கேள்விகள்

2025 ஒக்டோபரில் இங்கிலாந்தின் பேட்டன் சகோதரர்கள் வளர்த்த பூசணி 1,278 கிலோ நிறுத்து உலக சாதனையானது. அந்தப் படம் கைபேசிக்குக் கைபேசி பரவியதிலிருந்து எனக்கு வரும் கேள்விகளுக்குக் குறைவில்லை. முக்கால்வாசி காயைப் பற்றியவை: காய்க்கு என்ன ஊட்டலாம், காய்மேல் என்ன தெளிக்கலாம். காயைப் பெருப்பிப்பது இலையும் வேரும்தான். பதில்களில் இதையே திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சந்தையில் வாங்கிய பூசணியின் விதையைப் போட்டு ராட்சதப் பூசணி எடுக்கலாமா? (களுதாவளை)

முடியாது. நம் சந்தைக்கு வரும் பூசணி பெரும்பாலும் குக்கர்பிட்டா மொஸ்சாட்டா இனம். போட்டிக்காய் குக்கர்பிட்டா மக்சிமா. அதிலும் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஹவார்ட் டில் என்ற விவசாயி வருசக்கணக்காகத் தெரிவு செய்து உருவாக்கிய 'அட்லாண்டிக் ஜயன்ட்' வம்சம். இன்று ஆயிரம் கிலோவைத் தாண்டும் காய்கள் எல்லாம் அதன் பிள்ளைகள். காம்பைப் பார்த்தே இரண்டையும் பிரிக்கலாம். மொஸ்சாட்டாவின் காம்பு ஐந்து விளிம்போடு கடினமாக இருக்கும், காயில் ஒட்டும் இடத்தில் விரியும். மக்சிமாவின் காம்பு உருண்டு தடித்து, தக்கை மாதிரி இருக்கும்.

அதற்காக, விதையைக் கடித உறைக்குள் வைத்து அனுப்பச் சொல்லிக் கனடாவில் இருக்கும் மாமாவைக் கேட்காதீர்கள். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. விவசாயத் திணைக்களத்தின் அனுமதி எடுத்து முறைப்படிதான் விதை உள்ளே வரவேண்டும். விதையோடு வைரசும் வரும். உங்கள் ஆசைக்குப் பக்கத்து வளவுக்காரரின் பாகலும் பீர்க்கும் பலியாகும். முதல் வருசம் உள்ளூர் விதையிலேயே கை பழகுங்கள் என்பது என் யோசனை. வேலை ஒன்றுதான், செலவு குறைவு.

எங்கள் வளவு வெறும் மணல். எந்த மாதம் போடலாம்? எவ்வளவு இடம் வேண்டும்? (ஆரையம்பதி)

மாதம் பிழைத்தால் மற்ற எதுவும் கைகொடுக்காது. மாரி மழைக்குள் போட்டால் வேர் அழுகும், பூவுக்குள் தண்ணீர் நிற்கும், தேனீயும் வராது. சித்திரைக்குப் பிறகு போட்டால் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று இலையைக் கிழித்துப் போடும். இடையில் கிடைப்பது கொஞ்ச நாள்தான். டிசெம்பர் கடைசியில் சின்னச் சட்டியில் விதையை முளைக்க வையுங்கள். தைப்பொங்கலுக்குள் உயர்த்திய மேட்டில் நட்டுவிடுங்கள். மாசியில் பூக்கும், பங்குனி, சித்திரையில் காய் பெருக்கும்.

எழுவான்கரை (வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கம்) மணலில் தண்ணீர் தேங்காது, வேர் சுலபமாக ஓடும். ஆனால் ஊற்றும் தண்ணீரும் போடும் பசளையும் நிற்காமல் இறங்கிவிடும். ஆகவே ஒரு மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழத்தில் குழி எடுத்து, நன்றாக மக்கிய மாட்டெரு, கூட்டெரு, தும்புத்தூள் கலந்து நிரப்புங்கள். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். பூசணிக்கொடி கணுவுக்குக் கணு வேர் விடும் சாதி. கொடி ஓடும் இடமெல்லாம் எரு போட்டு, ஒவ்வொரு கணுவையும் ஒரு கைப்பிடி மண்ணால் மூடிக்கொண்டே போங்கள். ஒரு கொடிக்கு 2 பேர்ச் (ஏறக்குறைய 50 சதுர மீட்டர்) இடமாவது ஒதுக்க வேண்டும். தாய்க்கொடியை நேராக விட்டு, இரண்டு பக்கமும் வரும் கிளைக்கொடிகளைக் குறுக்கே படரவிடுங்கள். கிளையில் வரும் கிளையைக் கிள்ளிவிடுங்கள்.

தண்ணீரைக் காலையும் மாலையுமாகப் பிரித்து ஊற்றுங்கள். நண்பகலில் இலை வாடித் தொங்குவதைப் பார்த்துப் பதற வேண்டாம். மாலையிலும் நிமிரவில்லை என்றால்தான் யோசிக்க வேண்டும். வாவியை ஒட்டிய கிணறு என்றால் வாயில் வைத்துப் பாருங்கள். சவர்த்தண்ணீர் இதற்கு ஆகாது.

எடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வடக்கு நாடுகளில் கோடைப் பகல் 15, 16 மணித்தியாலம், இரவு குளிர். நமக்குப் பகல் 12 மணித்தியாலத்தைச் சுற்றியே இருக்கும், இரவும் வெக்கை. பகலில் இலை சமைத்ததில் ஒரு பங்கைக் கொடியே இரவில் தின்றுவிடும். ஆகவே ஆயிரத்தை மறந்துவிடுங்கள். சரியான விதையில் நூறு கிலோவைத் தாண்டினாலே நானே வந்து மாலை போடுவேன்.

பிஞ்சு தேசிக்காய் அளவில் மஞ்சளாகி விழுகிறது. யூரியா போதாதா? (செங்கலடி)

நீங்கள் அனுப்பிய படத்தில் இலை கரும்பச்சையாகத் தழைத்து நிற்கிறது. யூரியா கூடித்தான் போயிருக்கிறது, உடனே நிறுத்துங்கள். கொடி ஓடும் காலத்தில் யூரியா தரும் தழைச்சத்து (நைதரசன்) சரி. பூ வந்தபிறகு தேவைப்படுவது சாம்பல்சத்து (பொட்டாசியம்).

பிஞ்சு விழ இன்னொரு காரணம், மகரந்தம் அரைகுறையாகச் சேர்ந்திருப்பது. இதைத் தேனீயிடம் விடாமல் நீங்களே செய்யுங்கள். அடியில் குட்டிக்காயோடு இருப்பது பெண் பூ. மொட்டின் நுனி மஞ்சளாகிவிட்டால் அடுத்த நாள் விடியப் பூக்கும். முதல் நாள் மாலையே அதையும் இரண்டு மூன்று ஆண் மொட்டுகளையும் நூலால் மெல்லக் கட்டிவிடுங்கள். காலை ஆறரை, ஏழு மணிக்கு ஆண் பூவைக் காம்போடு பறித்து இதழைக் கிழித்து எறிந்தால் நடுவில் மஞ்சள் மாவு பூசிய தண்டு நிற்கும். பெண் பூவுக்குள் சூல்முடி மடல் மடலாகப் பிரிந்திருக்கும். சிலதில் மூன்று, சிலதில் நான்கு, ஐந்து. ஒரு மடலும் தப்பாமல் தடவ வேண்டும். ஒரு பக்கம் விட்டுப்போனால் காய் கோணும், அல்லது விழும். தடவியபின் பூவைத் திரும்பக் கட்டிவிடுங்கள். வெயில் ஏறியபின் செய்து பயனில்லை, சூட்டில் மகரந்தம் செத்துவிடும். பூவுக்கும் பிஞ்சுக்கும் மேலே ஒரு கிடுகைச் சாய்த்து நிழல் கொடுங்கள்.

தாய்க்கொடியில் வேரிலிருந்து மூன்று மீட்டருக்கு அப்பால் வரும் பிஞ்சே போட்டிக்கு நல்லது. அதற்கு முந்தியதைப் பிடிக்கவிட்டால் இலை போதாது. இரண்டு மூன்றைப் பிடிக்கவைத்து, பத்துப் பதினைந்து நாள் தினமும் நூலால் சுற்றளவு பாருங்கள். வேகமாகப் பெருப்பதை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடுங்கள். மனம் வராது, வீட்டில் அம்மாவும் ஏசுவார். வெட்டத்தான் வேண்டும்.

காம்பில் திரி செருகிப் பால் கொடுத்தால் காய் பெருக்குமாமே? (கல்முனை)

பெருக்காது. திரி செருகிய ஓட்டை வழியாக அழுகல் உள்ளே போகும். சீனித்தண்ணீரும் அப்படித்தான். பாலைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

காய் நன்றாகப் பெருத்தது. ஒருநாள் காலையில் பார்த்தால் காம்படியில் வெடிப்பு. (தம்பிலுவில்)

தண்ணீர் காய்ச்சலும் பாய்ச்சலுமாகப் போயிருக்கும். இரண்டு நாள் மறந்துவிட்டு மூன்றாம் நாள் சேர்த்து ஊற்றினால், உள்ளே சதை பெருக்கும் வேகத்துக்குத் தோல் நீளாது. வெயிலில் கிடக்கும் காய்க்குத் தோல் சீக்கிரம் இறுகிவிடுவதால் முதலிலிருந்தே பந்தல் வேண்டும்.

இன்னொன்றையும் பாருங்கள். காய் பெருக்கப் பெருக்க அதன் தோள் கொடியை முட்டித் தள்ளும். கணுக்கள் மண்ணில் வேரூன்றி இருந்தால் கொடி விலகமாட்டாது, காம்பு கிழியும். பிஞ்சு தேங்காய் அளவு ஆகுமுன்பே, காம்பு கொடிக்கு நேர் குறுக்காக நிற்கும்படி நாளுக்குக் கொஞ்சமாக நகர்த்துங்கள். காய்க்கு இரண்டு பக்கமும் உள்ள கணுவேரை வெட்டிவிட்டால் கொடி எழும்ப இடம் கிடைக்கும். கடைசியில் எல்லாம் கொடியில்தான் வந்து நிற்கிறது, பார்த்தீர்களா? காய்க்கு அடியில் காய்ந்த மணல் பரப்புங்கள், ஈரம் பிடிக்காது.

பிஞ்சில் ஊசி குத்தியது போன்ற துளை, வெட்டினால் புழு. (நிந்தவூர்)

பழ ஈயின் வேலை. இளம் தோலில்தான் முட்டையிடும், ஆகவே காவல் தேவைப்படுவது முதல் சில வாரங்களுக்கு. பழைய நுளம்புவலை போதும். ஆனால் வலை காயில் ஒட்டக்கூடாது. ஒட்டினால் ஈ வலைக்கு வெளியே இருந்தபடியே குத்திவிடும். நாலு தடி நட்டு அதன்மேல் விரியுங்கள். குத்துப்பட்ட பிஞ்சைக் குப்பையில் எறியாமல் பொலித்தீன் பையில் கட்டி வெயிலில் போடுங்கள், இல்லையென்றால் புழு மண்ணுக்குள் இறங்கி அடுத்த ஈயாக வரும்.

நீற்றுப்பூசணி பக்கத்தில் நின்றால் கலந்துவிடுமா? (வாழைச்சேனை)

இல்லை. அது வேறு பேரினம்.

யானைக்கு என்ன செய்வது? (வெல்லாவெளி)

வாவிக்கு மேற்கே படுவான்கரையில் யானை வரும் பாதையில் வளவு இருந்தால் போட்டிப் பூசணி வேண்டாம். பழுத்த பூசணி வாசத்துக்கு வேலி தாங்காது. நீங்கள் இரவில் காவலுக்குப் போய் நிற்பதும் ஆபத்து. எழுவான்கரையில் சொந்தக்காரர் வளவு இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் விளையாட்டுக் கழகம் சித்திரைப் புத்தாண்டுக்குப் பூசணிப் போட்டி வைக்கலாமா? விதிகள் என்ன? (களுவாஞ்சிகுடி)

நல்ல யோசனை, ஆனால் நாளைத் தள்ளிப் போடுங்கள். புத்தாண்டுக்குள் காய் பாதி வளர்ச்சியில் இருக்கும். வைகாசித் தொடக்கம் பொருத்தம்.

வெளிநாட்டுப் போட்டிகளில் முக்கியமான விதி, காய் முழுதாக இருக்க வேண்டும் என்பது. உள்ளறை வரை போகும் வெடிப்போ ஓட்டையோ அழுகலோ இருந்தால் பரிசு இல்லை, காட்சிக்கு மட்டும் வைக்கலாம். கொடியும் இலையும் நீக்கித்தான் நிறுக்க வேண்டும். உள்ளூர் விதைக்கும் ராட்சத விதைக்கும் தனித்தனிப் பிரிவு வையுங்கள், இல்லையென்றால் சண்டைதான் மிஞ்சும். நெல் நிறுக்கும் மேடைத்தராசு போதும். முதலில் 50 கிலோ சீமெந்துப் பை ஒன்றை வைத்துத் தராசைச் சரிபாருங்கள். காம்பைப் பிடித்துத் தூக்க ஒருவரையும் விடாதீர்கள். தறப்பாளில் உருட்டி ஏற்றி, சுற்றி நின்று தூக்க வேண்டும்.

நாடா அளவை வைத்து எடையைக் கணிக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். சுற்றளவு, காம்பிலிருந்து பூமுனை வரை, பக்கத்துக்குப் பக்கம் மேலாக என்று மூன்றையும் கூட்டி அட்டவணையில் பார்ப்பார்கள். அந்த அட்டவணை ராட்சதக் காயின் உருவத்துக்குப் போட்டது. நம் தட்டைப் பூசணிக்குப் பொருந்தாது.

போட்டி முடிந்தபின் காயைக் கறி வைக்கலாமா? (பொத்துவில்)

வைக்கலாம், தண்ணீராக இருக்கும், ருசியும் குறைவு. மாட்டுக்குப் போட்டால் சந்தோசமாகத் தின்னும். கையால் மகரந்தம் சேர்த்த காயாக இருந்தால் மட்டும் விதையைக் கழுவி நிழலில் காயவைத்து, தேதி எழுதி எடுத்து வையுங்கள்.