சஹாராப் பாலைவனத்தின் தெற்கு விளிம்பிலுள்ள வறண்ட பகுதியான சஹேலில் நட்ட கன்றுகள் ஏன் பட்டுப்போகின்றன? நிலம் மீள எது உதவுகிறது?

சஹேலுக்காக ஆப்பிரிக்க ஒன்றியம் 2007-இல் தொடங்கிய 'பெரும் பசுமைச் சுவர்' திட்டத்துக்கு 2030-க்குள் 10 கோடி ஹெக்டேர் சீரழிந்த நிலத்தை மீட்பது இலக்கு. 'சுவர்' என்ற பெயரே கோளாறு. கன்றை நட்டால் வேலை முடிந்தது என எண்ண வைத்துவிட்டது. அங்கே சிக்கல் மழைக்குறைவு மட்டுமல்ல. மேல்மண் ஓடுபோல இறுகிக் கிடப்பதால் பெய்த மழையும் உள்ளே இறங்காமல் வழிந்தோடிவிடுகிறது.

புர்கினா ஃபாசோ விவசாயிகளின் 'ஸாய்' குழி அந்த இறுகிய மேல்மண்ணைத்தான் உடைக்கிறது. மழைக்கு முன்பே 20–40 செ.மீ. அகலம், 10–20 செ.மீ. ஆழத்தில் குழி வெட்டி, தோண்டிய மண்ணைச் சரிவின் கீழ்ப்பக்கம் பிறைபோல அணைக்க வேண்டும். உள்ளே ஓரிரு கை மக்கிய எரு. அதைத் தேடி வரும் கறையான்கள் மண்ணைத் துளைக்க, நீர் ஆழத்துக்குப் போகும். மழை விழுந்ததும் கம்போ சோளமோ விதைக்கலாம். மக்காத எரு போட்டால் நாற்று கருகும். மணற்பாங்கான நிலத்தில் குழி தூர்ந்துவிடும்; அங்கே இது வேண்டாம்.

நைஜரில் பெரும்பாலும் நடவே இல்லை. வெட்டிய மரங்களின் அடிக்கட்டைத் துளிர்களில் நல்லதாகச் சிலவற்றை விட்டு, மீதியைக் கழித்தே சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரம் திரும்பியது. மரம் அரசுடையது என்ற எண்ணம் தளர்ந்த பிறகுதான் விவசாயிகள் துளிரைக் காத்தார்கள்.