குவேக்கர் வழியில் வளர்ந்த பிள்ளைக்கு 18 வயது: ராணுவப் பதிவை என்ன செய்வது?

கேள்வி: பென்சில்வேனியாவில் கிரீன் கார்டில் இருக்கிறோம். போரை மறுக்கும் கிறித்தவப் பிரிவினரான குவேக்கர்களின் பள்ளியில் படித்த மகன் ஞாயிறுதோறும் அவர்களுடைய மௌன வழிபாட்டுக்குப் போகிறான். அடுத்த மாதம் அவனுக்கு 18 முடிகிறது. செலக்டிவ் சர்வீஸில் (கட்டாய ராணுவ ஆள்சேர்ப்புக்கான அரசுப் பதிவேட்டில்) பதியவே மாட்டேன் என்கிறான். 600 டாலர் கொடுத்தால் 'மனச்சாட்சி விலக்குச் சான்றிதழ்' வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். பதியாவிட்டால் குடியுரிமைக்குச் சிக்கல் வருமா?

பதில்: அந்த 600 டாலரைக் கொடுக்காதீர்கள், அம்மா. அப்படி ஒரு சான்றிதழே கிடையாது. அமெரிக்காவில் கட்டாய ஆள்சேர்ப்பு 1973-இல் நின்றுவிட்டது. அது மறுபடி வந்து, உங்கள் மகனுக்கு அழைப்பும் வந்தால்தான் அவன் மனச்சாட்சி மறுப்பாளனா, அதாவது மனச்சாட்சிப்படி போரை மறுப்பவனா என்று விசாரிப்பார்கள். இன்றைக்கு அதை முடிவு செய்யும் அதிகாரம் யாருக்கும் இல்லை. பதிவுக்குக் கட்டணமும் இல்லை. பதிந்து தருகிறேன் என்று காசு கேட்பவரையும் அண்டவிடாதீர்கள்.

குடியுரிமைக்குச் சிக்கல் வரும். 18 முடிந்த 30 நாளுக்குள் பதிய வேண்டும். தாமதமானாலும் 26 வயது வரை ஏற்பார்கள், அதன்பின் பதியவே முடியாது. சட்டத்தில் ஐந்து ஆண்டு சிறையும் 2,50,000 டாலர் அபராதமும் இருக்கின்றன. 1986-க்குப் பிறகு யார்மீதும் வழக்குப் போடவில்லை. ஆனால் குடியுரிமை அதிகாரி விடமாட்டார். 31 வயதுக்குள் விண்ணப்பித்தால், தெரிந்தே பதியாமல் இருந்தாரா என்று பார்ப்பார். கொள்கைக்காகப் பதியாதவர் தெரிந்தே பதியாதவர்தானே! பதிவையே மறுக்கும் குவேக்கர்கள் உண்டு. மதிக்க வேண்டிய நிலைப்பாடு அது. ஆனால் இங்கேயே குடிமகனாகப் பிறந்த நண்பன் கொடுக்கும் விலை வேறு, உங்கள் மகன் கொடுக்கப்போகும் விலை வேறு. அதைத் தெரிந்துகொண்டு அவனே முடிவெடுக்கட்டும்.

பதிவதால் ராணுவத்தில் சேர்ந்ததாக ஆகாது. கொடுமை என்னவென்றால், 'நான் போரை மறுப்பவன்' என்று குறிக்க அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை. மறுப்பாளருக்கு உரிமை உண்டு என்று சட்டத்தில் எழுதிவைத்த அரசு, அதைச் சொல்ல ஓர் அங்குல இடம் தரவில்லை! அதனால் இணையத்தில் பதியாமல் காகிதப் படிவத்தை எடுங்கள். மனச்சாட்சிப்படி எல்லாப் போரையும் மறுப்பதாக ஓரத்தில் மையால் எழுதி, தேதியிட்டு, அஞ்சலில் போடுமுன் நகல் எடுக்கச் சொல்லுங்கள். நகல் ஒன்றை உங்கள் வீட்டு முகவரிக்கே அஞ்சலில் அனுப்பி, உறையைப் பிரிக்காமல் வையுங்கள். ஓரத்தில் எழுதியதை அலுவலகம் பதிவில் ஏற்றாது. தேதிமுத்திரைதான் உங்கள் சாட்சி. அரசே தானாகப் பதிந்துகொள்ளும் முறைக்கு 2025 டிசம்பரில் சட்டம் வந்துவிட்டது. அப்படிப் பதிவானால் ஓரமும் இருக்காது, கையில் இருக்கும் கோப்புதான் எல்லாம்.

அந்தக் கோப்பில் மூன்று கேள்விகளுக்கு அவன் கைப்பட எழுதிய பதில் இருக்க வேண்டும்: என்ன நம்புகிறான், அந்த நம்பிக்கை எப்படி வந்தது, அதன்படி எப்படி வாழ்கிறான். தரகர் தரும் அச்சடித்த வாசகங்கள் இங்கேதான் கவிழ்த்துவிடும். அழைப்பு வந்தால் செலக்டிவ் சர்வீஸின் உள்ளூர்க் குழு நேரில் கூப்பிட்டுத்தான் விசாரிக்கும்; இரவல் வாக்கியம் இரண்டாவது கேள்வியிலேயே நின்றுவிடும். மூன்றாவது கேள்விக்கு அவன் செய்யும் வேலைகள் உதவும். உணவு வங்கியில் மூட்டை கட்டியது, பருவநிலைக்காக நடந்த மௌன ஊர்வலத்தில் நின்றது, சிறைக்கைதிகளுக்குக் கடிதம் எழுதியது எல்லாவற்றையும் தேதி, இடம், பொறுப்பாளர் பெயரோடு குறிக்கட்டும். அவனை நன்றாக அறிந்த மூன்று பேரின் கடிதமும் வேண்டும். அதில் ஒருவர் குவேக்கர் அல்லாதவராக இருந்தால் நல்லது.

'இந்தப் போர் அநியாயம்' என்று மட்டும் எழுதினால் கோரிக்கை விழுந்துவிடும். எல்லாப் போரையும் மறுக்க வேண்டும் என்று 1971-இல் உச்ச நீதிமன்றம் கில்லட் வழக்கில் சொல்லிவிட்டது. குவேக்கர் என்ற அடையாளமும் தானாக விலக்குத் தராது. இரண்டாம் உலகப்போரில் ராணுவத்தில் சேர்ந்த குவேக்கர்களும் ஏராளம். ஆயுதமில்லாமல் ராணுவத்துக்குள் வேலை பார்ப்பது ஒரு வகை, ராணுவத்துக்கு வெளியே மாற்றுச் சேவை செய்வது வேறு வகை. எது வேண்டும் என்பதை அவன் குழப்பாமல் எழுத வேண்டும்.

விசாவில் இருப்பவர்கள் இதைப் படித்துப் பயப்பட வேண்டாம். எஃப்-1 (மாணவர்), எச்-4 (வேலை விசாக்காரரின் குடும்பத்தினர்) போன்ற விசா செல்லுபடியாக இருக்கும்வரை பதிவு தேவையில்லை. 26-க்குள் கிரீன் கார்டு கிடைத்தாலோ விசா காலாவதியாகியும் இங்கேயே தங்கிவிட்டாலோ பதிவு கட்டாயம். 25 வயதில் கிரீன் கார்டு வாங்கியவர் 'எனக்கு இது பொருந்தாது' என்று இருந்துவிட்டு, பிறகு குடியுரிமை நேர்காணலில் தவிப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. 26 வரை விசாவிலேயே இருந்தவர் ஐ-20 (மாணவர் விசாவுக்குக் கல்வி நிறுவனம் தரும் படிவம்), ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு), பழைய பாஸ்போர்ட் எதையும் தூக்கிப் போடக்கூடாது. 'ஏன் பதியவில்லை' என்ற கேள்விக்கு அவைதான் பதில்.

பின்னாளில் குடியுரிமைப் படிவத்தில் 'ஆயுதம் ஏந்தத் தயாரா' என்று கேட்பார்கள். 'இல்லை' என்று எழுதி, நம்பிக்கைக்கு ஆதாரம் கொடுத்தால், ஆயுத வாசகத்தை நீக்கிய உறுதிமொழி எடுக்கலாம். இந்தக் கோப்பே அதற்கும் ஆதாரமாகும்.

அவனுடைய நிலைப்பாட்டைத் தங்கள் மினிட்டில் (கூட்டக் குறிப்பில்) பதிவு செய்யும்படி, அவன் போகும் குவேக்கர் சபையான மீட்டிங்கின் கிளார்க்குக்கு (கூட்டத்தை நடத்துபவருக்கு) இந்த வாரமே எழுதச் சொல்லுங்கள். நிர்வாகக் கூட்டம் மாதம் ஒருமுறைதான் நடக்கும். பிறந்தநாளுக்கு முன் அது ஒன்றுதான் இருக்கும்.