பூஞ்சையை வைத்து வெள்ளி நானோ துகள் தயாரிக்க முடியும் என்கிறார்களே, எப்படி?

முடியும். இதில் அதிகம் பேசப்படுவது ஃபியூசேரியம் ஆக்ஸிஸ்போரம். வாழைக்கு வாடல் நோய் கொண்டுவருகிற அதே பூஞ்சை இனம்தான்!

பூஞ்சையைச் சில நாள் ஊட்டக் கரைசலில் வளர்த்து, வடிகட்டி, நன்றாக அலசி, சுத்தமான தண்ணீரில் போடுவார்கள். அதில் கொஞ்சம் சில்வர் நைட்ரேட் என்ற வெள்ளி உப்பைச் சேர்த்து இருட்டில் வைத்துவிட வேண்டும். வெளிறிக் கிடந்த நீர் மெல்ல மெல்ல டிகாஷன் நிறத்துக்கு மாறும். அந்தப் பழுப்புதான் முதல் அடையாளம். நானோ அளவு வெள்ளி 420 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அலைநீளத்தின் பக்கத்து ஒளியை உறிஞ்சிக்கொள்வதால் வரும் நிறம் அது.

உள்ளே நடப்பது இதுதான்: பூஞ்சை வெளியே விடும் நொதிகள் கரைசலில் உள்ள வெள்ளி அயனிகளுக்கு (மின்னூட்டம் கொண்ட வெள்ளி) எலக்ட்ரானைக் கொடுக்க, அவை வெள்ளி அணுக்களாகித் திரள்கின்றன. கூடவே வரும் புரதங்கள் துகளைச் சுற்றிப் போர்த்திக்கொள்வதால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவதில்லை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. வேதி முறையில் இதற்கென்றே தனியாக ஒரு பொருள் சேர்ப்பார்கள்.

இதில் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. முரளி சாஸ்திரி குழு 2001-ல் வெர்டிசிலியம் பூஞ்சையில் செய்தபோது துகள்கள் செல்லுக்குள்ளேயே தங்கின. எடுக்கச் செல்லை உடைக்க வேண்டும். 2003-ல் ஃபியூசேரியம் அவற்றை வெளியிலேயே, 5 முதல் 15 நானோமீட்டர் அளவில் தந்தது. வடிகட்டினால் போதும்.

சரி, சிக்கல்? ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் துகள் கிடைப்பது கடினம். அப்புறம், பயிருக்கு நோய் தரும் பூஞ்சையைக் கையாள்வதில் கவனம் வேண்டும்.