பெட்ரோல் பங்க் மண்ணில் ஆவி உறிஞ்சும் சோதனை: வாசகர் கேள்விகள்

கேள்வி: மூடிப்போன பங்க் இடம் ஒன்றை வாங்கியிருக்கிறோம். தொட்டி கசிந்து மண்ணெல்லாம் பெட்ரோல் வாடை. தோண்டாமல், மண்ணிலுள்ள ஆவியை உறிஞ்சியே சுத்தம் செய்யலாம் என்கிறார்கள். அதற்கு முன் நடத்தும் சோதனையில் என்ன செய்வார்கள்?
வாசகர், கடலூர்

பதில்: நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும்படி 2 அல்லது 4 அங்குல பிவிசி குழாய் இறக்குவார்கள். கசிவு படிந்த ஆழத்தில் மட்டும் அதில் கீறல் துளைகள் இருக்கும். சுற்றிலும் பருமணல், அதன்மேல் அரை மீட்டராவது பென்டோனைட் (நீர் பட்டால் உப்பி அடைக்கும் களிமண்), பிறகு சிமென்ட். பென்டோனைட் ஊறி உப்பும் முன்பே ஓட்டினால், ஆவியை உறிஞ்சும் இயந்திரமான புளோயர் மேல்காற்றைத்தான் இழுக்கும். 1.5, 3, 6, 10 மீட்டர் தூரங்களில் கண்காணிப்புக் குழாய்கள். புளோயருக்கு முன்னால் ஈரம் பிரிக்கும் டிரம், பின்னால் ஆவியைப் பிடித்துவைக்கும் ஆக்டிவேட்டட் கார்பன் டிரம். மோட்டார் ஃபிளேம்புரூஃப்பாக (உள்ளே தீப்பிடித்தாலும் வெளியே பரவாத வகை) இருந்தே ஆக வேண்டும்; காற்றில் 1.4 சதவீதம் பெட்ரோல் ஆவி சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். அந்த அளவில் கால்பங்கைத் தாண்டாதபடி வெளிக்காற்று வால்வைத் திறந்து வைப்பார்கள். வேக்குவத்தை (உறிஞ்சும் அழுத்தத்தை) படிப்படியாக ஏற்றி, கேஜ் நிலைத்தபின் காற்றோட்டத்தையும் ஆவிச் செறிவையும் குறிப்பார்கள்.

கேள்வி: 10 மீட்டர் தள்ளியிருக்கும் குழாயில் 2.5 மி.மீ. நீரழுத்த அளவுக்கு வேக்குவம் தெரிந்ததாம். அதனால் ஒரே கிணறு (ஆவி உறிஞ்சும் குழாய்) சுற்றிலும் 10 மீட்டர் தூரத்துக்குப் போதும் என்கிறார் ஒப்பந்ததாரர். சரியா?

பதில்: அதை மட்டும் வைத்து ஒப்புக்கொள்ளாதீர்கள். கேஜ் முள் அசைவது வேறு, மண்ணுக்குள் காற்று நகர்வது வேறு. நம் ஊரில் வளிமண்டல அழுத்தம் தினமும் இரு முறை ஏறி இறங்குகிறது. புளோயர் ஓடாமலேயே அந்த 2.5 மி.மீ. தெரியலாம். முந்தின நாளே புளோயரை ஓட்டாமல் அளவீடு எடுத்தார்களா என்று கேளுங்கள். பழைய தொட்டிக் குழியில் நிரப்பிய மணல், மின்கம்பிப் பள்ளம், வடிகால் இவை வழியாகவும் வேக்குவம் தூரத்துக்கு ஓடிவிடும். நடுவிலுள்ள களிமண் அழுக்காகவே கிடக்கும். அந்தந்தக் குழாயில் ஆக்சிஜன் அளவு ஏறுகிறதா என்று பார்ப்பது நல்ல சாட்சி. அழுக்கு மண்ணில் ஆக்சிஜன் குறைந்திருக்கும், புதுக்காற்று வந்தால்தான் ஏறும். காவிரி டெல்டா போன்ற கெட்டியான களிமண்ணில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி: கார்பன் டிரம் எத்தனை நாள் தாங்கும்?

பதில்: பெட்ரோல் ஆவி 1 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்பது கனமீட்டருக்குச் சுமார் 4 மில்லிகிராம். 1000 பிபிஎம் ஆவியை மணிக்கு 60 கனமீட்டர் வீதம் இழுத்தால் 240 கிராம்; ஒரு நாளைக்கு ஏறக்குறைய 5.8 கிலோ. 90 கிலோ கார்பன் தன் எடையில் பத்தில் ஒரு பங்கைப் பிடிக்கும் என்று வைத்தால், ஒன்றரை நாள்தான். முதல் சில மணி நேரச் செறிவை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாறுவோம். தேங்கிய ஆவி போனதும் அது சரசரவென்று இறங்கும். ஆவிச் செறிவை அளக்கும் பிஐடி மீட்டரை நேரே வேக்குவக் குழாயில் செருகினாலும் தப்பு. அதன் குட்டிப் பம்பால் எதிர்த்து இழுக்க முடியாது, அளவு குறைவாகக் காட்டும். மாதிரியைத் தனிப் பம்பால் பையில் பிடித்து அளக்க வேண்டும், அதுவும் வெளிக்காற்று கலக்கும் இடத்துக்கு முன்னால்.

கேள்வி: டீசல் கசிவுக்கும் இதுவேதானா?

பதில்: டீசல் எளிதில் ஆவியாகாது. மெதுவாகக் காற்றூட்டி நுண்ணுயிர்களைத் தின்னவிடும் முறைதான் அதற்குப் பொருத்தம்.

கேள்வி: எந்த மாதத்தில் சோதிப்பது நல்லது?

பதில்: மே மாதத்தில் முடிவு அழகாக வரும், நீர்மட்டம் ஆழத்தில் இருப்பதால். வடகிழக்குப் பருவமழையில் நீர் ஏறிக் கீறல் துளைகளை மூடிவிடலாம். போதாததற்கு, 1000 மி.மீ. நீரழுத்த வேக்குவம் கொடுத்தால் கிணற்றுக்குள் நீர் 1 மீட்டர் வரை எழும்பும். மழைக்கால நீர்மட்டத்தோடு இந்த ஏற்றத்தையும் கூட்டி, அதற்கு மேல் துளைகள் இருக்கும்படி குழாயை அமையுங்கள். நீர் தரையிலிருந்து 1 மீட்டருக்குள் நின்றால் இந்த முறையே வேண்டாம்.