சிங்கப்பூரின் எம்ஆர்டி ரயில் பராமரிப்பை இரவிலேயே முடிக்க முடியாதா? ஏன் நாள்கணக்கில் மூடுகிறார்கள்?

பராமரிப்பு நேரம் என்பது கடைசி ரயிலுக்கும் முதல் ரயிலுக்கும் நடுவே கிடைக்கும் இடைவெளி. சிங்கப்பூரில் ஏறக்குறைய மூன்றரை மணி நேரம். அதுவும் முழுசாகக் கைக்கு வராது. ரயிலுக்கு மின்சாரம் கொடுக்கும் 750 வோல்ட் மின்தண்டவாளத்தை அணைத்து, மின்சாரம் உண்மையிலேயே நின்றதா என்று சோதித்த பிறகே ஆட்கள் இறங்கலாம். முடிந்ததும் ஒவ்வொரு ஸ்பேனரையும் எண்ணி எடுக்க வேண்டும். ஒன்று கிடந்தாலும் காலை ரயிலுக்கு ஆபத்து.

தேக்கா சாப்பாட்டுக் கடையில் அடுப்பு ஆறும்வரை காத்திருந்து கழுவி, விடியலில் இட்லி வேகுமுன் மறுபடி மாட்டுவது போலத்தான்.

தண்டவாளத்துக்கு அடியில் இருக்கும் மரக் கட்டைகளைக் கான்கிரீட்டாக மாற்றும் வேலையை இரவுக்குச் சில என்று செய்துவிடலாம். ஆனால் ஒரு தண்டவாளத்திலிருந்து இன்னொன்று பிரியும் இடத்தை அமைக்கும் வேலையைப் பாதியில் விட்டுப் போக முடியாது. அதனால்தான் 2024 டிசம்பரில் தானா மேரா, தெம்பனிஸ் இடையே 4 நாள் ரயில் ஓடவில்லை.

மூடினாலே ஏதோ கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். அந்த 4 நாளும் புதிய பணிமனைக்குத் தண்டவாளம் இணைக்கத்தான்.