ஹேவ்லாக்கில் ஸ்கூபா: பவளத்துக்குக் கெடுதல் வராமல் இறங்கலாமா?

கேள்வி: ஜனவரியில் நானும் மனைவியும் அந்தமானின் ஹேவ்லாக் (ஸ்வராஜ் தீவு) போகிறோம். இருவருக்கும் நீச்சல் தெரியாது. பவளப்பாறைக்குச் சேதமில்லாமல் ஸ்கூபா (காற்று உருளை மாட்டிக்கொண்டு கடலுக்கடியில் இறங்குவது) செய்ய முடியுமா? கூட்டமில்லாத கடற்கரை எது?

பதில்: தாராளமாகச் செய்யலாம். முதல்முறை இறங்குபவர்களுக்கான டைவில் நீச்சல் கட்டாயமில்லை. ஆழமும் 12 மீட்டரைத் தாண்டாது. பயிற்றுநர் உங்களைப் பிடித்துக்கொண்டே வருவார்.

பவளத்துக்கு ஆபத்து பெரும்பாலும் நம் கால்களால்தான். பயம் வந்ததும் உடம்பு நிமிர்ந்து, கால்கள் சைக்கிள் மிதிப்பதுபோல் அடிக்க ஆரம்பிக்கும். ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) நுனி பட்டாலே கிளைப்பவளம் முறிந்துவிடும். படாவிட்டாலும் கிளம்பும் மணல் பவளத்தின்மேல் படிகிறது. அந்த மணலைத் தள்ள, பவளத்தின் சின்னஞ்சிறு உயிர்கள் வழுவழுப்பான கோழையைச் சுரந்து தங்கள் சக்தியைச் செலவழிக்க வேண்டியிருக்கிறது. கடல் சூடாகி 2010-லும் 2016-லும் வெளுத்துப்போன பவளங்கள் இவை. கூடுதல் சுமை வேண்டாமே! படுத்த நிலையில் இருங்கள், கைகளை மார்போடு கட்டிக்கொள்ளுங்கள், காலை ஆட்டும் வேலையைப் பயிற்றுநரிடம் விட்டுவிடுங்கள்.

டைவுக்கு அழைத்துப்போகும் கடையின் பெயர்ப் பலகையில் ‘எக்கோ’ (சூழலுக்கு உகந்தது) என்று இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர்? உங்களுக்கு ஒருவருக்கு ஒருவர் என்பதே சரி. முதலில் மணல்தரையில், இடுப்பளவுத் தண்ணீரில் பழக்குவார்களா? படகை மிதவையில் கட்டுவார்களா, நங்கூரத்தைப் பாறைமேல் போடுவார்களா? ஃபோட்டோவுக்காக மீனுக்குப் பிரெட் போடும் கடை என்றால் வேறு இடம் பாருங்கள்.

சன்ஸ்கிரீன் பூசுவதைவிட முழுக்கை நீச்சலுடை நல்லது. பூசியே ஆக வேண்டுமென்றால் பவளத்துக்குக் கெடுதலான ஆக்ஸிபென்சோன் என்ற ரசாயனம் இல்லாததாக வாங்குங்கள். மூக்கடைப்பு இருக்கும் நாளில் இறங்க வேண்டாம்.

சரி, கடற்கரைக்கு வருவோம். அமைதி என்பது இடத்தைவிட நேரத்தைப் பொறுத்தது. ராதாநகரில் மாலை சூரியன் மறைவதைப் பார்க்கப் பெருங்கூட்டம் கூடும். காலை 6 மணிக்கே அங்கே நல்ல வெளிச்சம். சூரியன் காட்டுக்குப் பின்னாலிருந்து எழுவதால் மரநிழல் மணல்வரை நீண்டிருக்கும், ஆளும் அதிகம் இருக்காது. என் விருப்பம் அதுதான். எலிஃபன்ட் பீச்சில் ஜெட்ஸ்கி சத்தம், உங்களுக்குச் சரிவராது. நாள் இருந்தால் பக்கத்திலுள்ள நீல் தீவின் சீதாபூர் கடற்கரைக்குப் போய்வாருங்கள். தண்ணீர் வற்றும் நேரத்தில் ஹேவ்லாக்கின் காலாபத்தர் கடற்கரைப் பக்கம் வெளியே தெரியும் பாறைகள்மேல் நடக்காதீர்கள், அவற்றில் உயிருள்ள பவளமும் இருக்கும். முதலை எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் கால்கூட நனைக்க வேண்டாம்.

கரை ஒதுங்கிய பவளத் துண்டைக்கூடப் பையில் போடாதீர்கள். வனவிலங்குச் சட்டப்படி குற்றம், விமான நிலையத்தில் பிடிபடுவீர்கள். அப்புறம் ஒன்று: டைவைப் பயணத்தின் தொடக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே குறைந்தது 18 மணி நேரம் வேண்டும்.