கேள்வி – பதில்: இந்த இதழ் முழுக்க தமாரா ரோஹோ

பாலே ஆடியவர்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தவர் யார் என்று போன இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். 'தமாரா ரோஹோ' என்று பெயரை மட்டும் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அது யார், என்ன என்று கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. சரி, மற்ற கேள்விகள் காத்திருக்கட்டும்.

தமாரா என்பது ரஷ்யப் பெயர் போல இருக்கிறதே, அவர் எந்த ஊர்?
(ஒரு வாசகி, கும்பகோணம்)

பெயரை விடுங்கள், ஆள் ஸ்பெயின்காரர். 1974-இல் பிறந்தது கனடாவின் மான்ட்ரியலில். ஆனால் நான்கு மாதக் குழந்தையாக இருக்கும்போதே பெற்றோர் மாட்ரிட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். ஐந்து வயதில், பள்ளி விட்டபின் அம்மாவுக்காகக் காத்திருந்தபோது, உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்துகொண்டிருந்த பாலே வகுப்பைப் பார்த்திருக்கிறார். அன்றைக்குப் பிடித்தது விடவில்லை. அப்புறம் விக்தோர் உயாத்தே என்ற நடன ஆசிரியரிடம் பயிற்சி. 1991-இல் அவருடைய குழுவிலேயே சேர்ந்தார்.

1994-இல் பாரிஸ் சர்வதேச நடனப் போட்டியில் தங்கப் பதக்கம் கிடைத்தது. நடுவர்களில் ஒருவரான கலினா சாம்சோவா அப்போது ஸ்காட்லாந்தின் தேசிய பாலே குழுவை நடத்திக்கொண்டிருந்தார். அவர் கூப்பிட, 1996-இல் இவர் கிளாஸ்கோ போனார். அடுத்த ஆண்டே லண்டன், இங்கிலிஷ் நேஷனல் பாலே. ராயல் ஆல்பர்ட் ஹாலின் வட்ட மேடையில், சுற்றிலும் ஜனங்கள் உட்கார்ந்திருக்க, டெரெக் டீன் அமைத்த 'ரோமியோ ஜூலியட்'டில் ஜூலியட்டாக ஆடினார். முதுகைக் காட்டி ஒரு நொடி மூச்சு வாங்கக்கூட வழியில்லாத மேடை அது.

2000-இல் லண்டனின் இன்னொரு பெரிய குழுவான ராயல் பாலே. பெரிய குழுக்களில் கும்பலோடு கும்பலாக ஆடத் தொடங்கிப் படிப்படியாக மேலே வருவதுதான் வழக்கம். இவர் நுழைந்ததே முதன்மைக் கலைஞராக. 12 ஆண்டுகள் அங்கே.

ஸ்பெயின் என்றால் ஃபிளமெங்கோதானே? பாலேவுக்கு அங்கே என்ன வேலை?
(ஒரு வாசகர், நாகர்கோவில்)

அந்த நாட்டு பாலே கலைஞர்களுக்கே இந்தக் கேள்வியில் ஒரு பழைய வருத்தம் உண்டு. 1979-இல் அரசு ஒரு தேசிய பாலே குழு தொடங்கியது. முதல் இயக்குநர் இதே உயாத்தே. 1980-களின் கடைசியில் ரஷ்யாவின் பெரிய பாலே நட்சத்திரம் மாயா ப்ளிசெட்ஸ்கயாவே வந்து பொறுப்பேற்றுப் பார்த்தார். 1990-இல் நடன அமைப்பாளர் நாச்சோ துவாத்தோ தலைமைக்கு வந்தபின் குழு முழுக்க நவீன நடனத்தின் பக்கம் திரும்பி, 20 ஆண்டுகள் அப்படியே இருந்தது. நன்றாகவே ஆடினார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் 'ஸ்வான் லேக்' ஆட ஆசைப்பட்ட பிள்ளைகள் எங்கே போவார்கள்?

விமானம் ஏறினார்கள், வேறென்ன! உயாத்தேயிடம் பயின்ற ஆன்ஹெல் கொரேயா நியூயார்க் போனார். ஹோவாக்கின் தெ லூஸும் நியூயார்க்தான். லூசியா லகார்ரா பிரான்ஸ், சான் பிரான்சிஸ்கோ என்று சுற்றி மியூனிக்கில் ஆடினார். இப்போது பாரிஸ் ஓப்பரா பாலேவை நடத்தும் ஹோசே மார்த்தினெஸும் ஸ்பெயின்காரர்தான். அவர் பயின்றதே பிரான்ஸில். ஒரே தலைமுறையில் இத்தனை பேரை உருவாக்கிவிட்டு, அவர்கள் ஆட ஒரு மேடை அமைத்துக் கொடுக்காத நாடு என்று எனக்கு ஸ்பெயின்மேல் கொஞ்சம் கோபம் உண்டு. 2005-இல் ரோஹோவுக்கும் ப்ளிசெட்ஸ்கயாவுக்கும் சேர்த்து ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் இளவரசர் விருது கொடுத்தார்கள். விருது கொடுப்பதில் குறை வைக்கவில்லை.

பாலேக்காரர்கள் விரல் நுனியில் நிற்கப் போடும் அந்தக் காலணிக்குள் மரக்கட்டை வைத்திருப்பார்களாமே?
(ஒரு மாணவி, காரைக்குடி)

கிடையாது, கண்ணு. துணி, காகிதம், பசை இவற்றை அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்த கூடு. கால் வியர்வையில் அது இளகிவிடும். பெரிய வேடம் ஆடுகிறவர்களுக்கு ஒரு ஜோடி ஒரு நிகழ்ச்சிகூடத் தாங்காமல் போவதுண்டு. ரிப்பனை அவரவரே தைத்துக்கொள்வார்கள்.

பரதம் பயின்றவள் நான். பாலேயில் சுற்றலும் தாவலும் தெரிகிறது, அபிநயம் தெரியவில்லை. ரோஹோவிடம் உங்களுக்கு அப்படி என்ன பிடித்தது?
(ஒரு வாசகி, கோயம்புத்தூர்)

அபிநயம்தான் பிடித்தது. பழைய பாலேயிலும் நம் ஹஸ்தங்களைப் போல நிச்சயமான கைச்சொற்கள் உண்டு. தலைக்குமேல் இரு கைகளையும் ஒன்றைச் சுற்றி ஒன்று சுழற்றினால் 'ஆடு'. மோதிர விரலைத் தொட்டுக் காட்டினால் கல்யாணம். முஷ்டி மடக்கி மணிக்கட்டுகளைக் குறுக்கே வைத்தால் சாவு. ஆனால் ரோஹோவை நான் ரசித்தது இவையெல்லாம் இல்லாத இடத்தில்.

மாக்மில்லன் அமைத்த 'ரோமியோ ஜூலியட்'டின் மூன்றாம் அங்கம். ரோமியோ ஊரைவிட்டுப் போய்விட்டான், வீட்டில் வேறு மாப்பிள்ளை நிச்சயித்துவிட்டார்கள். ஜூலியட் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து நேரே நம்மைப் பார்க்கிறாள். புரோக்கோஃபியெவின் இசை மேலே மேலே ஏறுகிறது, இவள் அசையவில்லை. ஆட்டமே இல்லாத அந்த இடத்தில் எத்தனையோ பேர் வெறுமனே சோகமாக உட்கார்ந்திருப்பார்கள். ரோஹோவின் முகத்தில் ஒரு பெண் ஒரு முடிவுக்கு வருவதைப் படிப்படியாகப் பார்க்கலாம். நம் ஊரில் ஒரு பதத்தின் ஒற்றை வரியை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் விதவிதமாக அபிநயித்து விரிக்கும் சஞ்சாரி செய்கிறவர்களுக்கு இது உடனே பிடிபடும்.

சுற்றலிலும் சளைத்தவர் இல்லை. 'ஸ்வான் லேக்'கின் கறுப்பு அன்னத்துக்கு ஒற்றைக் காலில் 32 சுற்று உண்டு. நடுநடுவே இரட்டைச் சுற்று சேர்த்து ஆடுவார். ஜனங்கள் கைதட்டுவது அதற்குத்தான். தட்டட்டும்.

ஜவுளித் தொழிற்சாலையை வைத்து ஒரு பாலே செய்தாராமே, உண்மையா?
(ஒரு வாசகர், திருப்பூர்)

திருப்பூரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் ஆச்சரியம் இல்லை! உண்மைதான். 2012-இல் ரோஹோ இங்கிலிஷ் நேஷனல் பாலேவின் கலை இயக்குநர் ஆனார். ஆடுவதையும் விடவில்லை. 2016-இல் நடன அமைப்பாளர் அக்ரம் கானைக் கூப்பிட்டு 'ஜிசெல்'லைப் புதிதாக அமைக்கச் சொன்னார். கான் லண்டனில் பிறந்த வங்காளி. பிரதாப் பவாரிடம் கதக் பயின்றவர். ரோஹோவும் அவரும் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள்.

1841-இல் பாரிஸில் அரங்கேறிய மூலக் கதையில் ஜிசெல் ஒரு கிராமத்துப் பெண். ஒரு பிரபு வேடம் மாற்றி வந்து காதலித்து ஏமாற்றுகிறான், அவள் செத்துப்போகிறாள். கான் அவளை மூடப்பட்ட ஜவுளி ஆலையின் புலம்பெயர் தொழிலாளி ஆக்கினார். மேடை முழுக்க ஒரு பெருஞ்சுவர், டிம் யிப் வடிவமைத்தது. சுவருக்கு இந்தப் பக்கம் வேலை போனவர்கள், அந்தப் பக்கம் முதலாளிகள். இரண்டாம் அங்கத்தில் வரும் ஆவிகள் ஆலையில் செத்த பெண்கள். கையில் நீண்ட கழிகளோடு, கால் விரல் நுனியில் ஊர்ந்து வருவார்கள். பழைய 'ஜிசெல்'லில் வெள்ளை உடை தேவதைகள் மாதிரி இருக்கும் அந்தக் கூட்டம் இதில் பயமுறுத்துகிறது. மான்செஸ்டரில் அரங்கேறியபோது ஜிசெல் ரோஹோவேதான்.

அதே ஆண்டு மூன்று பெண் நடன அமைப்பாளர்களின் படைப்புகளை மட்டும் வைத்து ஒரு மாலை நிகழ்ச்சி நடத்தினார். 20 ஆண்டுத் தொழில் வாழ்க்கையில் ஒரு பெண் அமைத்த பாலேயில் தான் ஆடியதே இல்லை என்று கவனித்ததுதான் காரணம் என்று அவரே சொல்லியிருக்கிறார். அதில் ஒன்று மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோவைப் பற்றியது. ஃப்ரீடாவாக ஆடியவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆடத் தெரிந்தவருக்கு ஆளத் தெரியுமா?
(ஒரு வாசகர், மதுரை)

கேள்வியிலேயே எதுகை மோனை! தெரியும். ஆனால் எல்லோரும் சிரித்த முகத்தோடு இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. 2018-இல் பலர் குழுவை விட்டு விலகியதையும், வேலைச் சூழல் பற்றிய புகார்களையும் லண்டன் பத்திரிகைகள் எழுதின. குழு வளர்ந்தது என்பதும் அதே அளவு நிஜம். 2019-இல் கிழக்கு லண்டனில் புதுக் கட்டடத்துக்குக் குடிபோனது. 2022-இல் 'ரேமோண்டா' என்ற பழைய பாலேவை அவரே புதிதாக அமைத்தார். சிலுவைப் போர்க் கதையைக் கிரிமியப் போருக்கு மாற்றி, நாயகியை நைட்டிங்கேல் போலச் செவிலியாக அனுப்பினார். அரபு வில்லன் அதில் நல்ல நண்பனாகிவிட்டான். அந்தத் திருத்தம் தேவைதான்.

அந்த ஆண்டின் இறுதியில் சான் பிரான்சிஸ்கோ பாலேவுக்குத் தலைவியானார். 37 ஆண்டுகள் ஹெல்கி டோமசன் இருந்த நாற்காலி, 1933-இல் தொடங்கிய குழு. அதற்குத் தலைமை ஏற்ற முதல் பெண் இவர். ஊருக்குத் திரும்புவாரா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஸ்பெயினைக் கேளுங்கள்.

அவர் ஆடியதைப் பார்க்க என்ன வழி?
(பலரும்)

ராயல் பாலேவின் 'ரோமியோ ஜூலியட்' 2007-இல் பதிவாகியிருக்கிறது, ரோமியோவாகக் கார்லோஸ் அகோஸ்டா. கானின் 'ஜிசெல்' லிவர்பூலில் பதிவானது. இரண்டும் டிவிடியாக வந்தவை. முதலில் ஜூலியட், அப்புறம் ஜிசெல். கட்டில் காட்சி வரும்போது யாரும் போனை எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.